கணக்கு மென்பொருளை மாற்ற முடியாமல் மாட்டிக்கொள்வது ஏன்?

நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் கேட்டிருப்பது இது. பத்து வருடத்துக்கு மேற்பட்ட கணக்கு ஒரே மென்பொருளில் இருக்கிறது. அதை விற்ற நிறுவனம் பழைய பதிப்புக்கு ஆதரவை நிறுத்தப் போகிறது. இனி மாதச் சந்தா, அதுவும் டொலரில். வேறொன்றுக்கு மாறலாம் என்றால் பழைய தரவை பிடிஎஃப் அறிக்கைகளாகத்தான் தருவார்களாம். திறந்த தரநிலையை, அதாவது யாரும் வாசித்துப் பின்பற்றும்படி வெளியிடப்பட்ட விதிமுறையை, பின்பற்றும் மென்பொருளாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை வராது என்கிறார் மகன். ஊர் முழுக்கப் பாவிப்பதை விட்டுவிட்டு எங்கே போவது என்கிறார் கணக்காளர். சொந்தமாக ஒன்றை எழுதுவித்தால் என்ன என்பது கடைசிக் கேள்வி.

ஐயா, கணக்காளரைக் கோபிக்காதீர்கள். ஒரு மென்பொருளை எல்லோரும் பாவிக்கிறார்கள் என்பதே அதைப் பாவிக்க ஒரு நல்ல காரணம்தான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும். ஓடிட்டர் அந்த வடிவத்தில்தான் கோப்பைக் கேட்பார். பழுதானால் வந்து பார்க்கப் பக்கத்துத் தெருவிலேயே ஆள் இருக்கும். இந்த வசதிக்கு நீங்கள் ஆரம்பத்தில் காசு கொடுக்கவில்லை. விற்றவர் அதற்கான காசைப் பிறகு கேட்கிறார். எவ்வளவு கேட்பார்? நீங்கள் வேறொன்றுக்கு மாற ஆகும் செலவு எவ்வளவோ, அதைவிடச் சற்றுக் குறைவாக. அதனால்தான் சந்தா விலையைப் பார்த்துப் பேரம் பேசுவதில் பெரிய பிரயோசனம் இல்லை. மாறும் செலவைக் குறைத்துக் காட்டினால் அவர் விலை தானாக இறங்கும். நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் அந்தச் செலவைக் குறைப்பது பற்றித்தான்.

டொலர் விஷயம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. கொழும்பில் வெளிநாட்டுச் சந்தாவில் ஓடிக்கொண்டிருந்த அலுவலகங்களுக்கு, மென்பொருள் நிறுவனம் டொலர் விலையைக் கூட்டாவிட்டாலும், பில் ஏறக்குறைய இரட்டிப்பானது. விலக வழி இருந்தவர்கள் விலகினார்கள், மற்றவர்கள் கட்டினார்கள். நாணயம் ஆடாமலேயே இது நடக்கவும் செய்யும். 2023 நவம்பரில் விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனத்தை வாங்கிய பிராட்கொம் நிறுவனம், அடுத்த மாதமே ஒருமுறை காசு கட்டி நிரந்தரமாகப் பாவிக்கும் உரிமங்களின் விற்பனையை நிறுத்திவிட்டுச் சந்தா மட்டும்தான் என்றது. உங்களுக்கு வந்திருப்பதும் அதே கடிதத்தின் சின்னப் பிரதி.

"அப்படியென்றால் பழையதையே ஓட்டுவோம்" என்று இந்த இடத்தில் பலர் முடிவெடுக்கிறார்கள். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக் கணினியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அரச மின்னஞ்சல்கள் ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் என்ற அஞ்சல் மென்பொருளின் 2013 பதிப்பில். அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அந்த வருடம் ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போயின. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. இதில் கசப்பான பகுதி என்னவென்றால், மின்னஞ்சல் என்பது உலகத்திலேயே மிகத் திறந்த தரநிலைகளில் ஒன்று. வேறு எந்த வழங்கிக்கும் (சேவருக்கும்) அதைக் கொண்டுபோயிருக்கலாம். மாறுவதற்கு வழி இருப்பதும் மாறுவதற்குப் பணமும் முடிவும் இருப்பதும் வேறு வேறு. ஆகவே பழையதை இணையத்தோடு இணைத்து வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

இனி உங்கள் மகன் சொல்வது.

தரநிலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டிலேயே உதாரணம் உண்டு. பாமினி எழுத்துருவில் 'கொழும்பு' என்று அடித்த பழைய கோப்பு ஒன்றை எடுங்கள். திரையில் தெரிவது தமிழ். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில விசைகள்: சின்ன என், எஃப், எச்; பிறகு பெரிய ஓ, சின்ன கே, ஒரு அரைப்புள்ளி, பெரிய ஜீ. என் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பையும், எஃப் இடத்தில் ககரத்தையும், எச் இடத்தில் 'ா' என்ற அரவையும் வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பாமினி இல்லாத கணினியில் அந்த ஏழு குறிகளும் அப்படியே வந்து நிற்கும். 'கொழும்பு' என்று தேடினால் அகப்படாது. அகர வரிசையில் அடுக்கவும் முடியாது. யாரும் சதி செய்யவில்லை, எந்தப் பெரிய நிறுவனமும் லாபம் பார்க்கவில்லை. இருந்தும் ஒரு தலைமுறைத் தமிழ் ஆவணங்கள் அதற்குள் மாட்டின. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான எண் தரும் யூனிகோட் தரநிலையில் 1991இன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இங்கே எஸ்எல்எஸ் 1326 என்ற தமிழ்த் தரம் 2008இல் வந்தது. அதற்குப் பிறகும் அச்சகங்களில் பாமினி போகவில்லை. தட்டச்சு விரல்கள் அதற்குப் பழகியிருந்தன, பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளுக்குத் தமிழ் யூனிகோட் தெரியாது, நாளைக்குக் காலையில் கல்யாண அழைப்பிதழ் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் பாமினியிலிருந்து வெளியே வர முடிந்தது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை எல்லோருக்கும் தெரியும். விருப்பமுள்ள எவரும் மாற்றி எழுதும் நிரலைச் செய்யலாம். முன்னால் நிற்கும் கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்துவதுதான் கொஞ்சம் வேலை. உங்கள் கணக்கு மென்பொருளில் அந்த அட்டவணை விற்றவரிடம் மட்டும் இருக்கிறது.

மகனோடு நான் உடன்படாத இடம் அடுத்தது. தரநிலை என்று பெயர் வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று அவர் நினைக்கிறார். ஆவணக் கோப்புகளின் கதையைப் பார்க்கலாம். ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவம் 2006இல் ஐஎஸ்ஓ 26300 ஆனது. மைக்ரோசொப்ட் தன் ஓஓஎக்ஸ்எம்எல் வடிவத்தை அதே வருடம் எக்மா அமைப்பில் தரநிலையாக்கி, 2008இல் ஐஎஸ்ஓ 29500 ஆக்கியது. முதல் பதிப்பு ஏறக்குறைய 6,000 பக்கம். அதில் ஒரு அமைப்பு, தமிழில் சொன்னால், 'வேர்ட் 95 போல இடைவெளி விடு'. வேர்ட் 95 எப்படி இடைவெளி விட்டது? அந்த மென்பொருள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்துகொள்ளுங்கள் என்ற பொருளில் ஒரு குறிப்பு. அதை வைத்துக்கொண்டு போட்டி நிறுவனம் என்ன எழுதுவது? பின்னர் திருத்தினார்கள், கடும்வடிவம் ஒன்று, இடைக்கால வடிவம் ஒன்று என்று பிரித்தார்கள். உங்கள் கணினியில் சேமிக்கும் வேர்ட் கோப்பு சாதாரணமாக இன்றைக்கும் இடைக்கால வடிவத்தில்தான்.

எக்செல்லில் 1900 பெப்ரவரி 29 என்று ஒரு நாள் இருக்கிறது. அந்த வருடம் லீப் வருடமே இல்லை. இந்தப் பிழை லோட்டஸ் 1-2-3 செய்தது. அந்தக் காலத்தில் விரிதாள் சந்தை லோட்டஸின் கையில். அதன் கோப்புகளைத் திறந்து சரியான திகதி காட்டினால்தான் ஆட்கள் எக்செல்லுக்கு மாறுவார்கள் என்று தெரிந்தே பிழையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். இன்று கோட்டைக்குள் இருப்பவர் அன்று வெளியே நின்று அடுத்தவர் கோப்பைப் படிக்க முயன்றவர். எனக்கு இதைவிடப் பிடித்த உதாரணம் இந்தத் துறையில் இல்லை.

ஆகவே நான் பார்ப்பது இரண்டாவது வாசகரை. ஒரு வடிவத்தை விற்றவரின் நிரலைத் தவிர, அவரோடு சம்பந்தமில்லாத இன்னொருவர் எழுதிய நிரல் உண்மையில் வாசிக்கிறதா? வாசித்தால் அது தரநிலை. இல்லாவிட்டால் அது காகிதம். சம்பாவை எடுங்கள். விண்டோஸ் வலையமைப்பில் லினக்ஸ் கணினியும் கோப்பு வழங்கியாக நிற்க உதவும் இலவச நிரல் அது. பல வருடம் அதை எழுதியவர்கள் கம்பியில் ஓடும் தகவல்களைக் கவனித்துக் கவனித்தே மைக்ரோசொப்டின் மொழியைப் புரிந்துகொண்டார்கள். ஐரோப்பிய ஆணைக்குழு 2004இல் மைக்ரோசொப்டுக்கு 49 கோடி 70 லட்சம் யூரோ தண்டம் விதித்து, போட்டியாளரின் வழங்கிகள் ஒத்தியங்கத் தேவையான விபரத்தைக் கொடு என்றது. 2007 செப்டெம்பரில் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த டிசம்பரில் சம்பா குழுவுக்கு ஆவணங்கள் ஒருமுறைக் கட்டணமாக 10,000 யூரோவுக்குக் கிடைத்தன. விபரத்தை நியாயமான விலையில் கொடுக்கத் தாமதித்ததற்காக 2008இல் மேலும் 89 கோடி 90 லட்சம் யூரோ தண்டம். நான்கு வருட இழுபறி, பெருந்தண்டங்கள். கடைசியில் கைமாறியது வெறும் விவரணக் காகிதங்கள். அந்தக் காகிதங்களின் மதிப்பு எவ்வளவு என்று இதிலிருந்து நீங்களே கணக்குப் போடலாம்.

திறந்திருந்தது பிறகு மூடியதும் உண்டு. கூகுள் டோக் என்ற அரட்டைச் செயலி எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையில் வந்தது; 2006இலிருந்து வேறு வழங்கிகளில் இருப்பவர்களோடும் அதில் கதைக்கலாம். 2013இல் அதற்குப் பதிலாகக் கூகுளின் ஹாங்அவுட்ஸ் வந்தபோது அந்த இணைப்பு இல்லை. கூட்டம் சேரும் வரைக்கும் திறப்பு லாபம், சேர்ந்த பிறகு நட்டம் என்பது அவர்கள் கணக்கு. இப்போது வட்ஸ்அப்பை மற்றச் செயலிகளோடு இணைத்தாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருக்கிறது, அங்கே மட்டும்.

நம் ஊரில் இது ஒழுங்காக நடந்த இடம் உங்கள் கல்லாவிலேயே ஒட்டியிருக்கும். மத்திய வங்கி 2018இல் தேசிய கியூஆர் தரநிலையை வகுத்தது. லங்காகியூஆர் என்பது அதுதான். சர்வதேச அட்டை நிறுவனங்களின் ஈஎம்விகோ வகுத்த வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. வாடிக்கையாளர் எந்த வங்கியின் செயலியை வைத்திருந்தாலும் அந்த ஒரே சதுரத்தை ஸ்கேன் செய்யலாம். 2024 பெப்ரவரியில் இந்தியாவின் கைபேசிப் பணம் செலுத்தும் முறையான யூபிஐ இங்கே வந்தபோது கடைக்காரர் புதிதாக வேறொரு முறை படிக்க வேண்டியிருக்கவில்லை. வங்கிகளிடமே விட்டிருந்தால் ஒவ்வொன்றும் தன் சதுரத்தை வேறாக ஒட்டியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். கணக்கு மென்பொருளுக்கு அப்படி ஒரு மத்திய வங்கி கிடையாது. உங்கள் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது, தீர்வை நீங்களே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டியிருப்பதும் அதனால்தான்.

சரி, உங்கள் தரவு. பிடிஎஃப் அறிக்கை என்பது தரவின் புகைப்படம். மனிதன் பார்க்கலாம், நிரல் ஒன்றும் செய்ய முடியாது. அதைக் கேட்டு வாங்கி ஒரு பக்கத்தில் வையுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது கணக்குத் தலைப்புகளின் பட்டியல், வாடிக்கையாளரும் விநியோகஸ்தரும் அவர்களின் குறியீட்டு எண்ணோடு, ஒவ்வொரு பதிவும் திகதி, வவுச்சர் எண், பற்று, வரவோடு, இன்னும் காசு வராத இன்வொய்ஸ்கள், சரக்கிருப்பு. எல்லாம் சிஎஸ்வி கோப்புகளாக, அதாவது எந்த நிரலும் வாசிக்கக்கூடிய, காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்புகளாக.

மொத்த வியாபாரத்தில் கழுத்தைப் பிடிப்பது பின்திகதிக் காசோலை. கம்பளைக் கடைக்காரர் ஒருவர் 5 லட்சத்துக்கு ஒரு காசோலை தருகிறார் என்று வையுங்கள். திகதி 45 நாள் தள்ளி. அது மூன்று இன்வொய்ஸ்களைத் தீர்க்கிறது, மூன்றாவதைப் பாதிதான். மென்பொருளுக்குள் காசோலை ஒரு அட்டவணையில், இன்வொய்ஸ் இன்னொரு அட்டவணையில். எந்தக் காசோலை எந்த இன்வொய்ஸுக்கு எவ்வளவு என்பது மூன்றாவது அட்டவணையில். 'ஏற்றுமதி' பொத்தானை அழுத்தினால் முதல் இரண்டும் வரும். மூன்றாவது உள் அட்டவணை என்று தரமாட்டார்கள். புது மென்பொருளில் எல்லாம் ஏற்றி, மொத்த நிலுவையும் சரியாக வந்து, எல்லோரும் சந்தோஷப்பட்ட பிறகு அந்தக் காசோலை திரும்பி வரும். அப்போது எந்த இன்வொய்ஸ் மறுபடி உயிர்க்கிறது என்று யாருக்கும் தெரியாது. புறக்கோட்டையில் ஒரு நிலையத்தில் இதைச் சரிக்கட்ட இரண்டு பேர் பழைய ரசீதுப் புத்தகங்களோடு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மென்பொருள்காரரிடம் பேசும்போது 'ஏற்றுமதி இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். 'காசோலைக்கும் இன்வொய்ஸுக்கும் உள்ள பொருத்தமும் வருமா' என்று கேளுங்கள். கேட்டவுடன் அவர் முகத்திலேயே பதில் தெரியும்.

வந்த சிஎஸ்வியை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கித் திறந்து, பார்த்துவிட்டுச் சேமித்துவிடாதீர்கள். கைபேசி எண்ணின் முதல் பூச்சியம் போய்விடும். புதிய அடையாள அட்டையின் 12 இலக்கம் 'ஈ பிளஸ் 11' என்று முடியும் ஒரு எண்ணாகச் சுருங்கித் தெரியும். ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகலாம். யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் முறை) என்று சொல்லித் திறக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் குப்பையாகும். தரவு சரியாகத்தான் வந்திருக்கும், பார்க்கப் போய்க் கெடுத்தது நாமாக இருக்கும். எண், பெயர், திகதி எல்லாவற்றையும் எழுத்தாக இறக்குமதி செய்யச் சொல்லித் திறக்க வேண்டும். மூலப் பிரதியைத் தொடாமல் தனியாக வையுங்கள்.

அவர்கள் தராவிட்டாலும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. பழைய பதிப்பு உங்கள் கடைக் கணினியில்தான் ஓடுகிறது என்றால் தரவுத்தளமும் அங்கேதான் இருக்கிறது. அநேகமாக எஸ்கியூஎல் சேவர், மைஎஸ்கியூஎல் போன்ற பரிச்சயமான ஒன்று. விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வாசித்து, அட்டவணைகளை வெளியே எடுக்கலாம். முதலில் உரிம ஒப்பந்தத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள். சில மென்பொருள்கள் தரவைப் பூட்டி வைக்கும், அப்போது இந்த வழி இல்லை. எதுவானாலும் சந்தா மென்பொருளுக்கு மாறுவதற்கு முன்னால் செய்யுங்கள். மாறிய பிறகு தரவு அவர்கள் கணினியில்.

பத்து வருடத்தையும் புதியதில் ஏற்ற வேண்டும் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம். பெரும்பாலான மாற்றங்கள் தோற்பது இந்த ஆசையால். ஏப்ரல் 1, வரி வருடத் தொடக்கத்தில் மாறுங்கள். ஆரம்ப மீதிகள், நிலுவை இன்வொய்ஸ்கள், கைவசக் காசோலைகள், சரக்கு, இவை மட்டும் புதியதற்கு. பழைய மென்பொருளை இணையம் இல்லாத ஒரு கணினியில் பார்வைக்கு மட்டும் வைத்திருங்கள், வரித் திணைக்களம் எதையும் கேட்டால் எடுக்க. ஒரு மாதம் இரண்டையும் பக்கத்தில் ஓட்டி ஐந்தொகை ஒத்துப்போகிறதா என்று கணக்காளர் பார்க்கட்டும். அவர் முணுமுணுப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதியதை வாங்குவதற்கு முன், விற்பவர் எதிரிலேயே ஒரு பரீட்சை வையுங்கள். தமிழ்ப் பெயருள்ள வாடிக்கையாளர் ஒருவர், சில இன்வொய்ஸ்கள், ஒரு பின்திகதிக் காசோலை, ஒரு சரக்குத் திருப்பம். எல்லாம் பதிந்து, வெளியே எடுத்து, வேறொரு நிறுவனத்தின் மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். ஏறினால் வாங்கலாம். ஒப்பந்தத்தில், விலகும்போது எல்லா அட்டவணைகளும் கட்டணமின்றித் தரப்பட வேண்டும், விலகிய பின் மூன்று மாதம் தரவு அழியாமல் இருக்க வேண்டும், விலை ரூபாயில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். இவற்றைக் கேட்பது பேராசை அல்ல. பெரிய மேக நிறுவனங்களே, கூகுள் 2024 ஜனவரியிலும், அமேசனும் மைக்ரோசொப்டும் அந்த மார்ச்சிலும், விலகிப்போகும் வாடிக்கையாளரிடம் தரவை வெளியே எடுக்கும் கட்டணம் வாங்குவதில்லை என்று அறிவித்தன. நல்ல மனசால் என்று நான் நம்பவில்லை, ஐரோப்பியச் சட்டம் வருவது தெரிந்தது.

மகன் ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ போன்ற திறந்த மூல (நிரலை எவரும் பார்க்கக்கூடிய) மென்பொருள்களைக் காட்டுவார். திறந்த மூலமும் திறந்த தரநிலையும் ஒன்றல்ல, ஆனாலும் அட்டவணைகளின் அமைப்பு எல்லோருக்கும் தெரியும் என்பதால் நான் அந்தப் பக்கம் சாய்வேன். ஓடூவில் முழுமையான கணக்குப் பகுதி கட்டணப் பதிப்பில்தான் என்பதைக் கவனியுங்கள். எதை எடுத்தாலும் அதைத் தெரிந்த இரண்டு நிறுவனங்களாவது கொழும்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சொந்தமாக எழுதுவிப்பது: கொழும்பில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வெவ்வேறு கணினிகள் பேசிக்கொள்ளும் முறையை வகுத்த டபிள்யூஎஸ்டிஎல் ஆவணத்தின் ஆசிரியர்களில் ஒருவரான சஞ்சீவ வீரவரணதான் 2005இல் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். அமைப்புகளை ஒன்றோடொன்று இணைப்பதே அவர்கள் தொழில். ஆனால் உங்கள் அளவுக் கடைக்கு எழுதித்தரப்போவது ஒரு தனி ஆள், அவர் இரண்டு வருடத்தில் மெல்பேர்னுக்கோ டொரொண்டோவுக்கோ போய்விடுவார். பெரிய நிறுவனத்திடம் மாட்டினாலாவது ஆதரவுக்கு ஒரு தொலைபேசி எண் இருக்கும். எழுதுவிக்கத்தான் போகிறீர்கள் என்றால் மூல நிரலும், தரவுத்தளக் கடவுச்சொல்லும், அட்டவணை விளக்கமும் ஒவ்வொரு தவணைக் கொடுப்பனவுக்கும் முன்னால் உங்கள் கைக்கு வரவேண்டும். கடைசித் தவணையை, அவரைத் தெரியாத இன்னொரு நிரலாளர் அதே நிரலை வேறு கணினியில் நிறுவி ஓட்டிக் காட்டிய பிறகு கொடுங்கள்.